உப்புப் பூத்த கோடுகள்

செப்டம்பர் 2, செவ்வாய்

மயிலாப்பூர் வேலை எனக்கே வந்துவிட்டது. ஆதம்பாக்கம் ஆபீசில் எல்லோர் முன்னாலும் ஜெயராம் சார் சொன்னார்: "இது வாஷிங் இல்ல, கலர் மேட்சிங். ஜாஸ்மின் பாத்துக்கட்டும்." நான்கு வருடமாக ஊர் பாத்ரூமை எல்லாம் தேய்த்திருக்கிறேன். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் எத்தனை வகை அழுக்கு சேரும் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கலர் கலக்குகிற வேலை மட்டும் ரகுபதிக்குத்தான் போகும். இந்த வீடு சரியாக வந்தால் அக்டோபரிலிருந்து அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் மூன்றுக்கும் கலர் ஆள் நான்தான் என்று சார் சொல்லிவிட்டார். ரகுபதி செல்போனைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

மத்தியானமே போய்ப் பார்த்தேன். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. பழைய வீடு, ஹால் முழுக்க மொசைக் டைல்ஸ், எழுபத்தொன்பதில் போட்டதாம். வீட்டுக்காரர் ஸ்ரீரங்கன் சார், இன்ஷூரன்சில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி நீரஜா அம்மா அந்த ஹாலில்தான் பிள்ளைகளுக்கு வீணை சொல்லித் தருகிறார். ஜூன் மாதம் தரைக்கு அடியில் குழாய் வெடித்திருக்கிறது. நடு ஹாலில் இரண்டு வரிசை டைல்ஸைப் பெயர்த்து எடுத்துத் திரும்பப் பதித்திருக்கிறார்கள். பதித்த கொத்தனார் ஜாயின்ட்டில் எல்லாம் வெள்ளை சிமென்ட்டை அப்பிவிட்டுப் போய்விட்டார். சிரிக்கும்போது பல்லிடுக்கில் தேங்காய்த் துருவல் தெரிகிற மாதிரி இருக்கிறது.

"கொலுவுக்கு வரவா எல்லாரும் கீழதானே உக்காருவா. மொதல்ல இதுதான் கண்ணுல படும்" என்றார் நீரஜா அம்மா. கொலு இருபத்திரண்டாம் தேதி.

பழைய கோடு என்ன கலர் என்று கேட்டேன். அம்மா காப்பிப்பொடிக் கலர் என்றார். சார் சிமென்ட் கலர் என்றார். நாற்பத்தாறு வருடம் அதே தரையில் நடந்திருக்கிறார்கள். இரண்டும் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

மர அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பார்த்தேன். அதன் அடியில் யாரும் மிதிக்காத இடத்தில் கோடு வேறு மாதிரி இருக்கிறது. சாம்பலில் கொஞ்சம் செங்கல் தூள் விழுந்தாற்போல. அதுதான் அன்றைக்குப் போட்ட கலர். ஆள் நடமாடுகிற இடத்தில் எண்ணெய், காவி, கால் அழுக்கு எல்லாம் ஏறி மங்கியிருக்கிறது. நான் அந்த மங்கலுக்குத்தான் பொருத்த வேண்டும். அலமாரிக்கு அடியில் இருக்கிற கலரை நடு ஹாலில் போட்டால் வெள்ளை ஒட்டுக்குப் பதில் செங்கல் ஒட்டு, அவ்வளவுதான். ரகுபதி எப்போதும் இங்கேதான் கோட்டை விடுவான்.

வீட்டுக்கு வந்து ஏழு மாதிரி கலந்தேன். ஜாயின்ட் பொடி, கறுப்பு ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, மஞ்சள் ஒரு சிட்டிகை, எல்லாம் நகைத் தராசில் நிறுத்து. உடைந்த டைல்ஸ் துண்டுகளை ஒட்டி வைத்து இடுக்கில் ஏழு கோடு. ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவு செய்யக் கூடாது, காய்ந்தால் வெளுக்கும். டியூப் லைட்டில் பார்க்கக் கூடாது, காலை வெளிச்சம் வேண்டும்.

அம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, ஏழு கோடு போட்டுக்கினு மொறச்சிக்கினு கீற. எல்லாம் ஒரே கலராத்தான் கீது." வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து நேற்று வந்ததா இன்று வந்ததா என்று சொல்கிறவள் என் அம்மா தங்கபுஷ்பம். நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றா என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். "அஞ்சாவது கொஞ்சம் செவப்பு" என்றாள். பிறகு எதற்கு வாயைக் கொடுத்தாள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ஐந்தாவதுதான். ஜன்னல் பக்கம் தரையில் வைத்துக் காட்டினேன். நீரஜா அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எது பழசு, எது நீ போட்டதுன்னே தெரியலையே." சார் மாதிரிக்குக் கையெழுத்துப் போட்டார். நாளை வேலை.

செப்டம்பர் 5, வெள்ளி

வெள்ளை சிமென்ட்டைக் கீறி எடுக்கவே மதியம் ஆகிவிட்டது. தண்ணீர் பிடித்துக் கலக்கி, இரண்டு வரிசைக்கும் ஜாயின்ட் போட்டு, துடைத்து முடித்தபோது மணி நாலு. ஜாப் ஷீட் அனுப்பிவிட்டேன். சாப்பிடவில்லை. தலைவலி. வேறு எழுத மனமில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா கோயில் திருநாள். பெசன்ட் நகரில் கால் வைக்க இடம் இல்லை. பூசை முடிந்து மெழுகுவர்த்தி ஏற்ற வரிசையில் நிற்கும்போது ஜெயராம் சார் போன். மயிலாப்பூர் பார்ட்டி கத்துகிறாராம். தரை வெள்ளை வெள்ளையாகப் போய்விட்டதாம். "என்னம்மா கலந்த நீ?" என்கிறார். பின்னால் நின்றவர்கள் தள்ளியதில் என் மெழுகுவர்த்தி முன்னால் நின்ற பெண்ணின் துப்பட்டாவில் பட இருந்தது. ஏற்றாமலே அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஐந்தாவது மாதிரி தப்பாக இருக்க முடியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கலர் மாறவில்லை. கலருக்கு மேல் உப்புப் பூத்திருக்கிறது. கோடு நெடுக வெள்ளைத் திட்டு, சில இடத்தில் பஞ்சு மாதிரி. ஸ்ரீரங்கன் சார் விரலால் தேய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதான் உங்க மேட்சிங்கா? ஒனக்குக் கலர் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லியிருக்கணும்."

நான் பேச வாயைத் திறப்பதற்குள் ஜெயராம் சார் முந்திக்கொண்டார். "சாரி சார். புது ஆளு. கண்ணு கொஞ்சம் பிசகிடுச்சு."

புது ஆள். நாலு வருஷம். கண் பிசகிவிட்டதாம். இந்தக் கண்ணை நம்பித்தானே வேலை கொடுத்தார்? முந்தாநாள் வரை நல்ல கண், இன்று பிசகின கண்ணா? என் கண்ணைப் பற்றிப் பேச இவருக்கு யார் உரிமை கொடுத்தது? கழுத்தில் டை கட்டிக்கொண்டால் கலர் தெரிந்துவிடுமா? இவருக்கு க்ரீமுக்கும் ஐவரிக்கும் வித்தியாசம் தெரியாது, காட்லாக்கைத் தலைகீழாகப் பிடிக்கிற மனுஷன் —

நீரஜா அம்மா வீணை உறையைச் சரிசெய்துகொண்டே நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

கிளம்பும் முன்னால் கொல்லைப்பக்கம் போய் என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, அங்கே இருக்கிற குழாயில் நிரப்பிக்கொண்டேன்.

சந்து முனையில் பைக்கை உதைத்துக்கொண்டே சார் சொன்னார்: ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும். 'கலர் கலந்ததில் தவறு செய்துவிட்டேன்' என்று. அதன் பிறகு நான் பழையபடி வாஷிங் டீம். மயிலாப்பூரை ரகுபதி திரும்பச் செய்வான். "மனசுல வெச்சிக்காத ஜாஸ்மின். எல்லாருக்கும் எல்லாம் வராது."

செப்டம்பர் 10, புதன்

உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாம் தேதி இந்த நோட்டில் ஒன்றை எழுதாமல் விட்டேன். நோட்டிலேயே எழுதாதவள் கம்பெனிக்கு எங்கே எழுதுவேன்.

அன்று வெள்ளையைக் கீறி முடித்ததும் தண்ணீர் எங்கே பிடிப்பது என்று கேட்டேன். நீரஜா அம்மா, "சமையலுள்ள குழாய் இருக்கு பார், அதுல பிடிச்சுக்கோ. மெட்ரோ தண்ணி" என்றார். குடிக்கிற நல்ல தண்ணீர். அவராகத்தான் சொன்னார். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். கூடவே பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"எங்கேர்ந்தும்மா வரே? தெனம் பஸ்ஸா?"

"பக்கத்துலதான்மா. நொச்சிக்குப்பம்."

"ஓ. மீன் பிடிக்கறவாளா?"

"அண்ணனுக்குப் படகு இருக்குது. அம்மா மீன் விக்கறாங்க."

நான் சமையலறை நிலைப்படிக்கு ஒரு அடி முன்னால் இருந்தேன். கையைக் குறுக்கே நீட்டினார். தொடவில்லை. தொடாமலே நிறுத்துகிற மாதிரி நீட்டினார். "இரு இரு. இது வேண்டாம். பின்னாடி குழாய்ல பிடிச்சுக்கோ. அதுவும் நன்னா வரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பின்பக்கக் குழாய் போர் தண்ணீர். கையில் விட்டுக்கொண்டாலே பிசுபிசுவென்று உப்பு. கலர் ஜாயின்ட்டை உப்புத் தண்ணீரில் கலக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கம்பெனிக்கு வந்த முதல் வாரமே சொல்லித் தருவார்கள். நல்ல தண்ணீர் இல்லாவிட்டால் கேன் வாங்கு, பில்லைக் கொடு. சந்து முனையில் கடையும் இருந்தது. நான் போகவில்லை. ஏன் போகவில்லை? வீம்பு. நீங்கள் கொடுத்த தண்ணீரில்தானே கலக்குகிறேன், போங்கள் என்கிற வீம்பு. வீம்பில் யார் வீட்டுத் தரையைக் கெடுத்தேன்? அவர்களுடையதையா, என்னுடையதையா?

சரி, வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே. 'உப்புத் தண்ணீரில் கலந்தால் கலர் போய்விடும் அம்மா.' ஒரு வரி. தொழில் பேச்சு. அதைக்கூட ஏன் சொல்லவில்லை என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டு, அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் அது நிச்சயமாகிவிடும். கேட்காவிட்டால், அவர் ஏதோ சும்மா சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். அரை மணி கழித்து ஃபேன் மாட்ட வந்த டில்லிபாபு நேராகச் சமையலறைக்குள் போய் அதே குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தான். சிந்தாதிரிப்பேட்டைக்காரன். அவனை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பாட்டிலைச் சாய்த்துக் குடித்துக்கொண்டே என் முன்னால் நின்று, "ஜில்லுனு கீது அக்கா, வேணுமா?" என்றான்.

அதற்கு மேல் ஒன்று. ஜாப் ஷீட்டில் 'கலக்கிய தண்ணீர்' என்று ஒரு கட்டம் உண்டு. மெட்ரோ, கேன், போர். நான் மெட்ரோவில் டிக் போட்டேன். போர் என்று போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? என்னை உள்ளே விடவில்லை என்றா? அதை என் வாயால் சொல்ல எனக்குக் கேவலமாக இருந்தது. அவங்க பண்ணதுக்கு நான் ஏன் வெக்கப்படணும்? வெக்கப்பட்டுத்தான் கெட்டேன். அந்த டிக்தான் இப்போது என் கழுத்தில் தொங்குகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

ஒரே டைல்ஸ் துண்டு. ஒரே பொடி, ஐந்தாவது மாதிரியின் அதே அளவு. இடது பக்கம் கேன் தண்ணீர். வலது பக்கம் பாட்டிலில் கொண்டுவந்த மயிலாப்பூர்த் தண்ணீர். ஜன்னலில் வைத்திருக்கிறேன். கடிதம் எங்கே என்று சார் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. வேறு ஏதாவது காரணமாக இருந்துவிடுமோ?

செப்டம்பர் 13, சனி

இல்லை. வந்துவிட்டது.

நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏய், இந்தாண்ட உப்புப் பூத்துக் கீதுடி." கருவாடு காய வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு உப்பை யாரும் சொல்லித் தர வேண்டாம். வலது பக்கக் கோடு முழுக்க வெள்ளை. இடது பக்கம் அழகான மங்கல்.

"இன்னாத்துக்கு உப்புத் தண்ணியில போட்ட?" என்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைத்தான் திட்டினாள்.

"அவ கை நீட்டினா நீ வாய மூடிக்கினு வந்துடுவியா? நாப்பது வருசமா ரோட்டுல குந்திக்கினு விக்கிறேன். எவ கேட்டாலும் நொச்சிக்குப்பம்னு சத்தமாத்தான் சொல்லுவேன். நீ மெத்த படிச்சிட்டு டிக்கு போட்டுக்கினு வந்து நிக்கிற."

எனக்கும் கோபம். நீ ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாய், உன்னிடம் அவர்கள் வருகிறார்கள். நான் அவர்கள் வீட்டுக்குள் போகிறேன், இரண்டும் ஒன்றா என்று கத்தினேன். "ஒண்ணுதான்" என்றாள். சோறு போட்டுக் கொடுத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 15, திங்கள்

டைல்ஸ் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். ஜெயராம் சார் மேஜையில் வைத்தேன். பார்த்தார். முகம் மாறியது. கலர் என் தப்பில்லை என்று அவருக்குப் புரிந்த அந்த இரண்டு நொடி நன்றாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டரில் என் ஜாப் ஷீட்டைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். மெட்ரோ. பச்சை டிக்.

சொன்னேன். தலையைக் குனியாமல் சொன்னேன். குரல் மட்டும் ஒரு இடத்தில் உடைந்தது, அதற்காக என்னை நானே அறையலாம் போல இருந்தது.

சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி விடு. 'தண்ணி மாறிப்போச்சு'ன்னு மட்டும் எழுதிக் குடு. முடிச்சிரலாம்."

"தண்ணி மாறல சார். மாத்தச் சொன்னாங்க."

"அதெல்லாம் சென்சிடிவ் மேட்டர்மா. அவங்க பெரிய மனுஷங்க. நாலு பேருக்கு ரெஃபர் பண்றவங்க. இதுல நொச்சிக்குப்பம் கிச்சிக்குப்பம் எல்லாம் எதுக்கு?"

"எங்க ஊருக்கு ஒரு பேருதான் சார்."

அங்கேயே, அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். நாலைந்து வரிதான். அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'செப்டம்பர் 5 அன்று நான் கலக்கியது போர் தண்ணீரில். ஜாப் ஷீட்டில் மெட்ரோ என்று போட்டது பொய். சமையலறைக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னவர், நான் நொச்சிக்குப்பம் என்று தெரிந்ததும் வேண்டாம் என்று பின்பக்கக் குழாய்க்கு அனுப்பினார். அப்போது கேன் வாங்காதது என் தவறு. பொய் டிக் போட்டது என் தவறு. கலர் என் தவறு இல்லை.'

அவர் படித்தார். மடித்தார். டிராயரில் போட்டார். "யோசிச்சி சொல்றேன்" என்றார். டிராயரில் போட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, அது அங்கேயேதான் கிடக்கும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

தி.நகரில் ஒரு ஃப்ளாட், மூன்று பாத்ரூம். தேய்த்தேன்.

செப்டம்பர் 17, புதன்

இரண்டாவது பாத்ரூமில் முட்டி போட்டிருக்கும்போது போன். தெரியாத நம்பர். நீரஜா அம்மா.

ஜெயராம் சார் என் கடிதத்தைப் போட்டோ எடுத்து அவர்கள் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை 'சென்சிடிவ்' என்றவர். திரும்ப வேலை செய்கிற செலவு கம்பெனி தலையில் விழாது, தண்ணீர் கொடுத்த வீட்டின் தலையில் விழும் என்று யாரோ மேலே சொல்லியிருப்பார்கள். உடனே சென்சிடிவ் எல்லாம் பறந்துவிட்டது. என் மானத்தை நான் எழுதினால் வம்பு, அவர்கள் அனுப்பினால் ஆதாரம்.

"நீ இப்படி எழுதியிருக்கியேம்மா" என்றார் நீரஜா அம்மா. "நான் ஒன்ன ஒண்ணுமே சொல்லலையே. சிரிச்சுண்டுதானே சொன்னேன்."

"ஆமாம்மா. சிரிச்சிக்கிட்டுதான் சொன்னீங்க."

"எங்காத்துல சமையலுள்ள வெளி மனுஷா யாரும் வரமாட்டா. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். ஒன்னன்னு இல்ல."

"ஃபேன் மாட்ட வந்தவர் அந்தக் குழாயிலதாம்மா பாட்டில்ல புடிச்சாரு. எனக்கும் மொதல்ல அந்தக் குழாயத்தான் காட்டுனீங்க."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ ஒரு பிள்ளை வீணையில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். முதல் ஆளாக நான் பேசப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

"நாளைக்கு நீயே வா" என்றார் கடைசியில். "வேற யாரும் வேண்டாம்னு ஒங்க ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"அன்னிக்கு ஜன்னல் கிட்ட வெச்சு காமிச்சியே. அது அப்படியே பொருந்தித்து. அத நான் இல்லேன்னு சொல்ல முடியாது."

மன்னிப்பு என்கிற மாதிரி ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருந்தாலும் என் கண்ணுக்கு அவர் ஒருவராவது சாட்சி சொல்லியிருக்கிறார். போவேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எட்டு மணிக்கே போய்விட்டேன். ஹால் வாசலில் இரண்டு பக்கெட், நிறையத் தண்ணீர், தட்டுப் போட்டு மூடி.

"மெட்ரோ தண்ணிதான்" என்றார் நீரஜா அம்மா. "காலங்கார்த்தால எழுந்து நானே பிடிச்சு வெச்சுட்டேன். நோக்கு சிரமம் வேண்டாமேன்னு."

எனக்குச் சிரமம் வேண்டாமாம். நான் அந்த இரண்டு பக்கெட்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் முகத்தில் எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தி. அதுதான் தாங்கவில்லை. கோபித்துக்கொண்டாலாவது பரவாயில்லை. இரண்டு பக்கெட் தண்ணீரைத் தூக்கி ஹாலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அறுபத்தைந்து வயதில், இடுப்பு வலியோடு. நான் பத்தடி நடந்து வரக் கூடாது என்பதற்காக.

உட்கார்ந்து பூத்துப்போன கோட்டை எல்லாம் கீறி எடுத்தேன். பதினொரு மணிக்குக் கலக்க வேண்டும். பக்கெட்டின் உள்பக்கம் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வழவழவென்று துணி சோப்பு.

"சோப்பு இருக்குதும்மா. சோப்புப் பட்டா ஜாயின்ட் நிக்காது. நான் கழுவிட்டு வேற புடிச்சுக்கறேன்."

சோப்பு உண்மையாகவே இருந்தது. இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

இரண்டு பக்கெட் தண்ணீரையும் கொல்லையில் செம்பருத்திக்கு ஊற்றினேன். கம்பெனி பக்கெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தேன். நீரஜா அம்மா எனக்கு முன்னால் போய் நிலைப்படியில் நின்றார். கையை நீட்டவில்லை. நின்றார், அவ்வளவுதான். நானும் நின்றேன். அடுப்பில் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது. ஸ்ரீரங்கன் சார் உள்ளறையிலிருந்து என்ன என்று கேட்டார்.

"எந்தத் தண்ணியில கலந்தேன்னு இந்த வாட்டி நான் உண்மைய எழுதணும்மா" என்றேன்.

நகர்ந்துகொண்டார்.

பழைய பித்தளைக் குழாய். திருகில் பச்சை, உடம்பு முழுக்கப் பழுப்பு. இந்தப் பழுப்பைக் கலக்கச் சொன்னால் சிவப்பு இரண்டு, கறுப்பு ஒன்று, மஞ்சள் அரை என்று மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஒரு கொழாயத் தொறக்க முப்பத்தாறு வயசு ஆகி கீது எனக்கு.

மூன்றரைக்கு முடித்தேன். சாப்பாட்டு டப்பாவை அவர்கள் ஹாலிலேயே உட்கார்ந்து திறந்தேன். மீன் இல்லை, தக்காளி சாதம்தான். இருந்தாலும் அவர் உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 20, சனி

இரண்டு நாள் காய்ந்தாயிற்று. ஜெயராம் சாரும் வந்தார். காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக நேராகத் தரையில் விழுந்தது. ஒரு திட்டு இல்லை. கொலுப்படிக்கு இரும்பு ஸ்டாண்டைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி ஸ்ரீரங்கன் சார் குனிந்து குனிந்து நடந்தார்.

"எந்த எடத்துலேர்ந்து நீ போட்டது?"

"நீங்களே பாருங்க சார்."

பார்த்தார். பூஜை அறைப் பக்கம் ஒரு வரிசையைக் காட்டி, "இதுதானே, இது கொஞ்சம் புதுசா இருக்கு" என்றார். அது எழுபத்தொன்பதில் போட்டது. ஜெயராம் சார் சத்தமாகச் சிரித்து, எங்கள் ஆள் எப்படி என்று கேட்டார். பத்து நாளில் புது ஆள் எங்கள் ஆள் ஆகிவிட்டேன். அக்டோபர் லிஸ்டில் மூன்று ஏரியாவுக்கும் என் பெயர் போட்டாயிற்று என்று அங்கேயே சொன்னார். சந்தோஷம்தான். சந்தோஷமே இல்லை என்று எழுதினால் பொய். நீரஜா அம்மா தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நன்னா பண்ணியிருக்கேம்மா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

கை கழுவச் சமையலறைக்குப் போனேன். யாரும் நிறுத்தவில்லை.

குழாய் தகதகவென்று மின்னியது. திருகில் பச்சை இல்லை, உடம்பில் பழுப்பு இல்லை. புளி போட்டு அழுத்தித் துலக்கியிருக்கிறார்கள். தொட்டியின் ஓரத்தில் புளிச் சக்கை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொலு வருகிறது, பித்தளை எல்லாம் துலக்குவார்கள், அதுவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மூலையில் செய்தித்தாள் விரித்து, பித்தளைச் சாமான்களைத் துலக்குவதற்கு எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டு குத்துவிளக்கு, மணி, தாம்பாளம், சொம்பு. எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துக் கிடந்தன. ஒன்றில்கூடக் கை வைக்கவில்லை.

ஜெயராம் சார் கிளம்பலாமா என்று கேட்டார். இருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன். நீரஜா அம்மா அடுப்பு பக்கம் நின்றிருந்தார். அவர் பார்க்கவே குழாயைத் திறந்தேன், கையைக் குவித்துப் பிடித்துக் குடித்தேன், மூடினேன். தாகமே இல்லை. வயிறு நிறையக் குடித்தேன்.